போன மீனும் நிற்கிற மீனும்

மண்கும்பான் கடற்கரையில் இருந்த சின்ன விடுதி ஒன்று மூடப்பட்டபோது, கடைசித் தடவையாக மின்சார மீற்றர் பார்க்கப் போன நிலக்ஷன், திரும்பி வரும்போது ஒரு மஞ்சள் நிறக் கயாக்கையும் கொண்டுவந்தான்.

வெளிநாட்டுக்காரர் ஏறி விளையாடுவதற்காக விடுதிக்காரர் வாங்கிப் போட்டிருந்த பிளாஸ்டிக் படகு அது. இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக இருந்து துடுப்புப் போடலாம். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் வைத்துக் கட்டி, வீட்டுக்குப் போகும் ஒழுங்கையால் அது ஆடி ஆடி வருவதைக் கண்டு அயலில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. தையல் மெசினில் இருந்த நிமலினி எழும்பி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இதென்ன கொண்டு வாறியள்?"

"உமக்குத்தான்," என்றான் நிலக்ஷன். "கடல் கடல் எண்டு கலியாணம் கட்டின நாளில இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர். இனிப் போம்."

நிமலினி கிட்டப் போனாள். படகின் பக்கத்தைக் கையால் தட்டிப் பார்த்தாள். வெறும் எண்ணெய்ப் பரல் மாதிரிச் சத்தம் கேட்டது. பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவேயில்லை.

அவள் மண்டைதீவுக்காரி. தகப்பன் பஸ்ரியாம்பிள்ளைக்கு அறுபத்தாறு வயதாகியும் இன்னும் சொந்த வள்ளத்தில்தான் தொழிலுக்குப் போகிறார். வலை கிழிந்தால் பொத்துவது, தூண்டில் கட்டுவது, வந்த மீனைத் தரம் பிரிப்பது எல்லாம் சின்ன வயதிலேயே நிமலினியின் கைக்கு வந்துவிட்டது. நன்றாக நீந்துவாள். ஆனால் முப்பத்தாறு வயது வரைக்கும் மீன் பிடிக்கவென்று ஒரு நாளும் வள்ளம் ஏறியதில்லை. "என்ர வள்ளத்தில பொம்பிளை ஏறுறேல்லை" என்பது பஸ்ரியாம்பிள்ளையின் சட்டம். ஏன் என்று கேட்டால், "அது அப்பிடித்தான்" என்பார். அதற்கு மேல் கேட்டால் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்.

நிலக்ஷன் வேலணைக்காரன்; மண்கும்பானும் வேலணைத் தீவில்தான். தோட்டக்காரக் குடும்பம், சைவ சமயம். கடலைக் கரையில் நின்று பார்க்கத்தான் அவனுக்குத் தெரியும், நீந்தத் தெரியாது. அவனுடைய தாய் நாகமுத்து கயாக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் கடலுக்குப் போனதில்லை," என்றார். சற்று யோசித்துவிட்டு, "போறதுதான் போறியள், றால் கிடைச்சால் விட்டிட்டு வந்திடாதேங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

படகு வந்தாயிற்று. மீன் எங்கே நிற்கிறது என்று அறிவதுதான் அடுத்த பிரச்சினை. அப்போதுதான் நிமலினிக்குத் தகப்பன் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது. கனடாவில் இருக்கும் அண்ணன் லியோன் முந்திய வருட விடுமுறைக்கு வந்தபோது தகப்பனுக்கென்று வாங்கிவந்த மீன் காட்டும் கருவி அது. பெட்டியைத் திறந்து திரையைக் கண்டதுமே பஸ்ரியாம்பிள்ளை மூடிவிட்டார். "ரிவி பாத்து மீன் பிடிக்கிற நிலைக்கு நான் இன்னும் வரேல்லை," என்று மேலே தூக்கி வைத்தவர், மகள் கேட்டதும் சந்தோசமாக எடுத்துக் கொடுத்தார்.

"கொண்டு போ பிள்ளை. பின்னேரத்தில இருந்து நாடகம் பாக்கலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலக்ஷன் அதைக் கயாக்கில் பூட்டினான். வயர் வேலை அவனுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு. மோட்டார் சைக்கிள் பற்றறி ஒன்றை இறுக்கமான மூடியுள்ள சோற்றுப் பெட்டிக்குள் வைத்து, பின் ஆசனத்துக்கு முன்னால் திரையை நிறுத்தி, சவர்க்காரக் கட்டி அளவான கறுப்புச் சென்சரைப் படகின் பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கும்படி கட்டினான். அந்தக் கறுப்புக் கட்டை கீழே ஒரு சத்தத்தை அனுப்பும். கடலின் நிலத்தில் பட்டுத் திரும்பிவரும் சத்தத்தைத் திரை கோடாக வரைந்து காட்டும். நடுவில் மீன் நின்றால் அதுவும் தெரியும். லியோன் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான்.

முதல் நாள் விடிய அவர்கள் இறங்கியபோது கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. நிலக்ஷன் செம்மஞ்சள் மிதவைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு முன்னால் இருந்தான். நிமலினி பின்னால். கரை மெல்ல விலக, பனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறுத்தன. அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அடியில் கால் படாத இடத்தில் தான் மிதந்துகொண்டிருப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

திரையைப் போட்டதும் நிலக்ஷன் திரும்பிப் பார்த்துக் கூவினான். "அம்மாடி! எவ்வளவு மீன்!"

உண்மைதான். திரை முழுக்கச் சின்னச் சின்ன மீன் படங்கள். பெரிதும் சிறிதுமாக, ஒவ்வொன்றுக்கும் மேலே ஆழத்தைக் காட்டும் இலக்கத்தோடு, வரிசையாக நீந்திப் போயின. நிமலினி இரைக்குக் கணவாய் மீன் துண்டைக் கொளுவித் தூண்டிலை இறக்கினாள். வெயில் ஏறும்வரை இருந்தார்கள். கிடைத்தது உள்ளங்கை அளவான ஒரு கீளி மீன்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். திரையில் திருவிழா, கூடையில் ஒன்றுமில்லை. ஒரு நாள் திரையில் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம்வரை நீளமான தடித்த கோடு ஒன்று வந்தது. நிலக்ஷன் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"சுறா," என்றான் மெதுவாக. "படகை விட நீளம். கரைக்கு விடும்."

அவர்கள் அன்று விழுந்தடித்துக்கொண்டு கரைக்கு வந்த கதை மண்டைதீவுக்கு அவர்களுக்கு முன்னமே போய்விட்டது. 'ரிவி வள்ளம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நிமலினியின் தகப்பனுக்குப் பக்கத்து வீட்டுக்காரரான அன்ரனிதாஸ், அவளைச் சந்தையில் கண்டால், "பிள்ளை, இண்டைக்கு என்ன படம்?" என்று கேட்பார். அவளும் சிரித்துக்கொண்டே, "சுறாப் படம், அண்ணை," என்பாள்.

ஆனால் வீட்டுக்கு வந்து மெசினில் இருக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். சட்டைக் கையைப் பொருத்திக்கொண்டே யோசிப்பாள். கருவி பொய் சொல்கிறதா, அல்லது அது சொல்வது தனக்கு விளங்கவில்லையா?

ஒரு நாள் பின்னேரம் படகைக் கரையிலேயே, இடுப்பளவு தண்ணீரில் கட்டிவைத்துவிட்டு, கருவியின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு மீன்கூட இல்லை. அடி மணல் கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் திரையில் மூன்று மீன் படங்கள் நீந்தின. கீழே பார்த்தாள். அறுந்த சாதாளைப் பாசி இரண்டு கீற்று மிதந்து போனது. ஒரு காற்றுக் குமிழி ஏறி வந்தது. அதற்கும் கருவி ஒரு மீன் படம் போட்டது.

"கள்ளன்!" என்றாள் சத்தமாக.

குமிழி, சாதாளை, மீன், எது தட்டுப்பட்டாலும் ஒரே மீன் படத்தைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் படங்களை நிறுத்தும் பொத்தானைத் தேடிப் பிடித்தாள். மீன்கள் எல்லாம் ஒரேயடியாக மறைந்தன. வெறும் நிறங்களும் கறைகளும் கோடுகளும் மிஞ்சின. கருவியின் கூர்மையையும் கொஞ்சம் குறைத்தாள். மழைத் தூறல் மாதிரி நிறைந்திருந்த புள்ளிகள் அடங்கின.

"இப்ப ஒண்டுமே விளங்கேல்லையே," என்றான் கரையில் நின்ற நிலக்ஷன்.

"முந்தி மட்டும் விளங்கினதோ?" என்றாள் நிமலினி.

அன்று தொடங்கியது படிப்பு. மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி ஆழமுள்ள இடத்துக்குப் போய், கல்லைக் கட்டிப் படகை நிறுத்தி, சென்சருக்கு நேரே கீழே வெறும் ஈயக் குண்டு ஒன்றைத் தங்கூசி நைலோன் நூலில் கட்டி இறக்கினாள். திரையின் வலது ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று தோன்றிச் சரிந்து கீழே இறங்கியது.

"அது என்ர ஈயம்! பாருங்கோ, என்ர ஈயம் போகுது!"

கையை உயர்த்தினாள். கோடும் ஏறியது. தாழ்த்தினாள், இறங்கியது. மெசினில் தைக்கும் வளைவுத் தையல் மாதிரித் திரையில் மேலும் கீழுமாக ஒரு கோலம் ஓடியது. இருவரும் மாறி மாறி ஈயத்தை ஆட்டி, கையெழுத்துப் போட்டுப் பார்த்து, வந்த வேலையை மறந்து சிரித்தார்கள். பிறகு நிமலினி கையை அசைக்காமல் பிடித்தாள். கோடு இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. நேராக நீண்டுகொண்டே போனது. திரையின் இடது ஓரம்வரை போய்விட்டது.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"நிலக்ஷன், அண்டைக்கு வந்தது சுறா இல்லை."

"பின்னை?"

"ஈயம் இவ்வளவு சின்னது. ஆடாமல் நிண்டதும் எவ்வளவு நீளமா வருது, பாருங்கோ. நீளமான கோடு நீளமான மீன் இல்லை. எங்களுக்குக் கீழ அசையாமல் நிண்ட மீன். அது நிக்க நிக்க இது கீறிக்கொண்டே இருந்திருக்கு."

நிலக்ஷன் திரையை உற்றுப் பார்த்தான். மீற்றர் பார்ப்பவனின் மூளை அவனுக்கு. "அப்ப இந்த வலப் பக்கத்து ஓரம்தான் இப்ப நடக்கிறது," என்றான். "மற்றதெல்லாம் போன மாத பில்."

"ஓம்! அதேதான்!"

இதுவரை அவர்கள் திரையின் நடுவில் தெரிந்த மீனுக்கெல்லாம் தூண்டில் போட்டிருந்தார்கள். அந்த மீன்களைப் படகு கடந்து போய் எவ்வளவோ நேரமாகியிருக்கும். வில்லைப்போல் வளைந்து தெரிவது படகின் கீழே கடந்துபோன மீன். நேராக நீள்வது நிற்கிற மீன். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்ததும் திரை பேசத் தொடங்கியது.

அடி நிலத்தையும் அவள் விடவில்லை. துணியில் அடையாளம் போடத் தையல்காரர் வைத்திருக்கும் தேய்ந்த சவர்க்காரத் துண்டை ஈயத்தின் அடியில் அப்பி இறக்கி எடுப்பாள். மணல் ஒட்டி வந்தால் திரையில் அந்த இடம் எப்படித் தெரிந்தது என்று பார்ப்பாள். சேறு ஒட்டி வந்தால் கோடு மங்கி அகலமாக இருந்தது. சவர்க்காரத்தில் ஒன்றும் ஒட்டாமல் பள்ளம் மட்டும் விழுந்து வந்தால் அது கல்; அங்கே கோடு பளிச்சென்று இருப்பதோடு, அதற்குக் கீழே அதே மாதிரி இன்னொரு கோடும் நிழல்போல் தெரியும். கல்லில் மோதிய சத்தம் மேலே வந்து, திரும்பவும் கீழே போய் வருகிறது என்று நிலக்ஷன் விளங்கப்படுத்தினான். கூடையிலும் ஏதோ விழத் தொடங்கியது. ஒரு நாள் நாலு விளைமீன். இன்னொரு நாள் நாகமுத்துவே "இண்டைக்குப் போதும்" என்று சொல்லும் அளவுக்குக் கீளி.

பங்குனி மாதத்துக் காலை ஒன்றில், வழக்கத்தை விடக் கொஞ்சம் தூரம் போனார்கள். காற்றே இல்லை. திரையில் நிலம் மேசைப் பலகை மாதிரி நேராக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தக் கோடு ஆளுயரத்துக்கு எழும்பி, சற்று நேரம் ஓடி, செங்குத்தாக விழுந்தது. கீழே இரண்டாவது கோடு பளிச்சென்று வந்தது. அந்த மேட்டுக்கு மேலே பஞ்சுப் பொதி மாதிரி ஒரு கூட்டம். அதன் ஓரத்தில் மூன்று தடித்த வில்லுகள்.

"பின்னுக்கு வலியுங்கோ! பின்னுக்கு!" என்று கத்தினாள் நிமலினி.

"என்ன அது?"

"தெரியாது. கல்லோ, மூழ்கின வள்ளமோ. மேல நிக்கிறது சின்ன மீன் கூட்டம். பக்கத்தில நிக்கிறது அதைத் தின்ன வந்த ஆக்கள்."

அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர்த் தாங்கிக்கு நேர் முன்னால் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. மேற்கே கோயில் முகடு தெரிந்தது. இடத்துக்கு அடையாளமாக அதை மனதில் வாங்கிக்கொண்டு தூண்டிலை இறக்கினாள். ஈயம் மேட்டை எட்ட முன்னமே தங்கூசி கையை வெட்டிக்கொண்டு ஓடியது.

"பிடிச்சிட்டன்! பெரிசு!"

"எங்க? எங்க?" என்று நிலக்ஷன் முழு உடம்பையும் திருப்பி எட்டிப் பார்த்தான். கயாக்கும் அவனோடு சேர்ந்து திரும்பியது.

அடுத்த கணம் இருவரும் தண்ணீருக்குள். நிமலினி மேலே வந்து பார்த்தபோது மஞ்சள் படகு கவிழ்ந்து கிடந்தது. மீனும் தங்கூசியும் போய்விட்டன. நிலக்ஷன் மிதவைச் சட்டையில் தக்கை மாதிரி மிதந்துகொண்டு, கண்ணை இறுக மூடி, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"கண்ணைத் திறவுங்கோ. நீங்கள் மிதக்கிறியள்."

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதையும். "ஓம், மிதக்கிறன்தான்," என்றான் ஆச்சரியத்தோடு. அவள் சிரித்த சிரிப்பில் உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய் இருமத் தொடங்கினாள். தூரத்தில் கரையில் இருந்த நேவிப் பொயின்ற் காவலரணில் யாரோ விசில் அடித்தார்கள். படகைப் புரட்டி, வயிற்றால் ஊர்ந்து ஏறி, கரை சேர வெயில் ஏறிவிட்டது. சோற்றுப் பெட்டிக்குள் பற்றறி காய்ந்தபடியே இருந்தது. கருவியும் வேலை செய்தது.

இந்தக் கதையும் மண்டைதீவுக்குப் போனது. மீன் இழுத்துக் கவிழ்த்தது என்று நிமலினி சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. புருசன் பயத்தில் துள்ளியிருப்பான் என்றார்கள். பஸ்ரியாம்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. மகள் வீட்டுக்கு வந்திருந்த அன்று, சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தத் திரையில மீன் எப்பிடித் தெரிஞ்சது?"

நிமலினி தகப்பன் முன்னால் இருந்து மணலில் விரலால் கீறிக் காட்டினாள். மேடு, கூட்டம், மூன்று வில்லுகள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்க அது?"

"கடலில."

பஸ்ரியாம்பிள்ளை நிமிர்ந்து மகளைப் பார்த்தார். கடல் தொழிலாளி யாரும் தான் மீன் பிடிக்கும் இடத்தைச் சொல்லமாட்டான். அவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருடைய உதட்டோரம் துடித்தது.

"சொல்லமாட்டாய், என்ன?"

"காட்டுவன், அப்பா. சொல்லமாட்டன்."

"நான் பொம்பிளையளோட கடலுக்குப் போறேல்லை எண்டு உனக்குத் தெரியும்."

"உங்கட வள்ளத்திலதானே நான் ஏறக்கூடாது? என்ர வள்ளத்தில நீங்கள் ஏறலாம்."

பஸ்ரியாம்பிள்ளை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸில் அவர் மண்கும்பானில் வந்து இறங்கினார். தன் வலையை எடுக்கும்படி அன்ரனிதாஸிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, கையில் தன்னுடைய தங்கூசிக் கட்டையோடு ஒழுங்கையால் நடந்துவந்தவரைக் கண்டதும் நிலக்ஷன் மிதவைச் சட்டையைக் கழற்றி நீட்டினான்.

"மாமா, இண்டைக்கு நீங்கள் போங்கோ. நான் கரையில நிண்டு தேத்தண்ணி வைக்கிறன்." அவனுடைய முகத்தில் இருந்த நிம்மதியைக் கண்டு நிமலினிக்குச் சிரிப்பு வந்தது.

பஸ்ரியாம்பிள்ளை சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "உந்தச் சட்டையைப் போட்டால் மீன் என்னைக் கண்டு சிரிக்கும்."

"என்ர வள்ளத்தில ஏறுறவை எல்லாரும் போடவேணும்," என்றாள் நிமலினி, தன்னுடையதைப் பூட்டிக்கொண்டு.

போட்டுக்கொண்டார்.

முன் ஆசனத்தில் முன்னுக்குப் பார்த்து இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பி, மகளைப் பார்த்தபடி சம்மணம் கட்டி இருந்தார். இரண்டு பக்கமும் அலகுள்ள அந்தத் துடுப்பைப் போடவும் அவருக்குச் சரிவரவில்லை. முதல் நாலு வீச்சிலும் தண்ணீர் அவருடைய தலையிலேயே கொட்டியது. "விசர்த் துடுப்பு," என்று மடியில் போட்டுவிட்டு, மகள் வலிக்க, ஐயா மாதிரி இருந்து வந்தார். நிமலினி திரையைச் சரித்து வைத்தாள், இருவருக்கும் தெரியும்படி.

ஒற்றைப் பனை தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வந்தது. கோயில் முகடு மேற்கே எட்டிப் பார்த்தது. பஸ்ரியாம்பிள்ளை கரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் மேசைப் பலகை முடிந்து மேடு எழும்பியது. ஒரு வில் தெரிந்தது.

"அந்தா!" என்று அவர் கையில் இருந்த தூண்டிலை வீசப் போனார்.

"பொறுங்கோ அப்பா! அது போன மீன். நாங்கள் அதைத் தாண்டி வந்திட்டம்."

"இதில நிக்குதே?"

"அது அப்ப நிண்டது. இந்த ஓரத்தை மட்டும் பாருங்கோ. இதுதான் இப்ப."

அவருடைய கை அந்தரத்தில் நின்றது. கண்ணுக்கு முன்னால் தெரியும் மீனை விட்டுவிட்டு இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு விளங்கியது. நீரோட்டத்துக்கு எதிரே கொஞ்சத் தூரம் போய், சாக்கில் கட்டிய கல்லை இறக்கி, கயிற்றை மெல்ல மெல்ல விட்டாள். படகு பின்னோக்கி நழுவி மேட்டுக்கு நேர் மேலே வந்து நின்றது. பஞ்சுப் பொதி திரையில் வந்தது. வந்து, நின்றது. அதற்குக் கீழே, பன்னிரண்டடியில், தடித்த மஞ்சள் கோடு ஒன்று வலது ஓரத்தில் முளைத்தது. முளைத்து நீண்டது. நீண்டுகொண்டே போனது.

"நிக்கிற மீன்," என்றாள் நிமலினி மூச்சை அடக்கிக்கொண்டு. "எங்களுக்கு நேர கீழ. இப்ப விடுங்கோ. இந்தக் கறுப்புக் கட்டைக்குக் கிட்ட விடுங்கோ."

பஸ்ரியாம்பிள்ளை கணவாய்த் துண்டோடு தூண்டிலை இறக்கினார். திரையின் மேல் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு ஒன்று தோன்றிச் சரிந்து இறங்கத் தொடங்கியது.

"உது ஆர்?"

"நீங்கள்தான். உங்கட ஈயம்."

அவர் கையைச் சற்று உயர்த்தினார். கோடு உயர்ந்தது. தாழ்த்தினார். தாழ்ந்தது. வயதான அந்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்புப் பரவியது. இன்னும் ஒரு தடவை உயர்த்தித் தாழ்த்தினார்.

"விளையாடாதேங்கோ. விடுங்கோ... விடுங்கோ... நிப்பாட்டுங்கோ!"

தங்கூசியைப் பெருவிரலால் அமத்தினார். மயிரிழைக் கோடு மஞ்சள் கோட்டுக்கு ஒரு விரல் மேலே வந்து நேராக நின்றது. இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடின. அப்பனும் மகளும் தலையை முட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். தண்ணீர் படகில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மஞ்சள் கோடு மெல்ல மேலே வளைந்தது.

"வருது," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "பிள்ளை, வருது. என்னட்டைத்தான் வருது."

"கையை ஆட்டாதேங்கோ."

கோடு ஏறியது. சற்றுத் தயங்கியது. பிறகு ஒரே பாய்ச்சலில் மயிரிழையைத் தொட்டது.

"இப்ப!" என்று நிமலினி கத்திய அதே நொடியில் அவருடைய கை வெடுக்கென்று இழுபட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாகத் தூண்டில் பிடித்த கை அது. ஆனால் மீன் கடிக்கப் போவதைக் கடிக்க முன்னமே கண்டது அன்றுதான். "அந்தோனியாரே!" என்று கூவினார். படகு கல்லுக் கயிற்றைச் சுற்றிப் பம்பரம் மாதிரித் திரும்பியது. தங்கூசி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. இரண்டு பாகம் இழுத்தவர், சட்டென்று கையை முன்னால் நீட்டினார்.

"பிடி!"

"அப்பா?"

"பிடி எண்டுறன்! உன்ர இடம், உன்ர மீன். நான் படகைப் பாத்துக்கொள்ளுறன்."

அவர் படகின் நடுவில் தாழ்ந்து குந்தி, இரண்டு பக்கமும் கையை விரித்துச் சமன் பிடித்தார். நிமலினி தங்கூசியை வாங்கினாள். உயிருள்ள ஏதோ ஒன்று அடியில் இருந்து அவளுடைய தோள்வரை உலுக்கியது. ஓடும்போது விட்டாள். களைக்கும்போது இழுத்தாள். விரல் இடுக்கு வெட்டி எரிந்தது. அவள் அதைக் கவனிக்கவேயில்லை. "விடு விடு... இப்ப எடு... அடி சக்கை!" என்று தகப்பன் கத்திக்கொண்டேயிருந்தார். கடைசியில் பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளித் தட்டம் ஒன்று சுழன்று மேலே வந்தது. பாரை மீன். பஸ்ரியாம்பிள்ளை செவுளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி உள்ளே போட்டு, அது துள்ளிப் பாயாமல் தானே அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

அப்படிப் படுத்தபடியே சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். நிமலினிக்கும் சிரிப்பு வந்தது; அதோடு கண்ணீரும் வந்தது. துடைக்கக் கை சும்மா இல்லை.

"அப்பா, எழும்புங்கோ. மீன் செத்துப் போச்சு."

"பொறு பிள்ளை. கொஞ்சம் பொறு."

கரையில் நிலக்ஷன் முழங்கால்வரை தண்ணீருக்குள் ஓடிவந்து படகை இழுத்தான். நேவிப் பொயின்றில் இருந்த பெடியன் ஒருவனும் இறங்கி வந்து, மீனைக் கண்டு சிங்களத்தில் ஏதோ சொல்லிக் கையை அகல விரித்தான். பத்துக் கிலோவுக்குக் குறையாது என்றார் பஸ்ரியாம்பிள்ளை. பஸ்ஸுக்குக் காத்துநின்ற ஆட்களிடம் சொன்னபோது அது பன்னிரண்டாகியிருந்தது. கனடாவில் நடுச்சாமத்தில் நித்திரையால் எழும்பி வீடியோவில் வந்த லியோனிடம் சொல்லும்போது பதினைந்தைத் தாண்டிவிட்டது.

"நீ தந்த சாமான் நல்ல சாமான்," என்றார் மகனிடம். "ஆனா அதை வாசிக்க ஆள் வேணும். சும்மா பாத்தால் சரிவராது."

மீனை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் வந்தது. நாகமுத்து வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். குசினிக்குள் மீன் சட்டி ஏறவும் விடமாட்டார். ஆகவே முற்றத்தில் மூன்று கல் வைத்து, பனை மட்டையால் அடுப்பு மூட்டினாள் நிமலினி. பஸ்ரியாம்பிள்ளை கத்தியைத் தீட்டித் துண்டு போட்டார். நிலக்ஷன் தேங்காய் திருவினான். நாகமுத்து வேலியோரத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடியபடி, அங்கிருந்தே கட்டளை போட்டார்.

"பழப்புளி காணாது! இன்னும் கொஞ்சம் கரைச்சு விடும் பிள்ளை! வெந்தயம் போட்டனீரோ?"

"போட்டிட்டன் மாமி."

"சம்மந்தி, அந்தத் தலையைப் பிளக்காமல் போடுங்கோ. பிளந்தால் ருசி போயிடும்."

"நான் மீன் வெட்டப் பழகினது நேற்றோ?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. ஆனாலும் தலையைப் பிளக்காமல்தான் போட்டார்.

குழம்பு கொதித்து மணம் எழும்பியதும் நாகமுத்து கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார். சோற்றைப் போட்டு மூவரும் நிலத்தில் இருந்து சாப்பிடத் தொடங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார்.

"நாளைக்குக் காலமைக்கு ரெண்டு துண்டு எடுத்து வையும், நிமலினி," என்றார். "நடுத் துண்டாப் பாத்து."

"எடுத்து வைச்சிட்டன் மாமி."

பஸ்ரியாம்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்து, வேலியில் சாய்த்து வைத்திருந்த மஞ்சள் கயாக்கைத் தட்டிப் பார்த்தார். வெயில் பனை ஓலைகளுக்கு மேலே நின்றது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"பின்னேரம் காத்து எழும்பாது போல கிடக்கு," என்றார் கடலைப் பார்த்துக்கொண்டு. "என்ன பிள்ளை, இன்னொருக்காப் போயிட்டு வருவமோ?"

நிமலினி ஏற்கெனவே துடுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.